வைத்த ஸ்டென்ட்டும் கைவிட்ட நோயாளியும்

நெஞ்சுவலிக்கு மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டு வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்களிடம், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டித் தறி வீடுகளில் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அடைப்பு எடுத்தாச்சு, ஸ்டென்ட் வெச்சாச்சு, இனிப் பயமில்லை." இந்த மூன்றில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதற்கு எந்த மருத்துவராலும் உறுதி தர முடியாது. உறுதி இல்லை என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லி அனுப்புவதில்லை. அனுப்பிய பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதுமில்லை. நம் இதய சிகிச்சையின் பெரிய ஓட்டை இது. இதைக் குறைபாடு என்று பூசி மெழுகக் கூடாது. தவறு என்றே சொல்ல வேண்டும்.

தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது போன்ற வேலை இது என்று மக்கள் நினைக்கிறார்கள். ஆனால் ரத்தக்குழாய் உயிருள்ள சதை. அடைத்த இடத்தில் பலூனை ஊதி விரிக்கும்போது குழாயின் உட்சுவர் காயப்படுகிறது. காயத்தை ஆற்ற உடல் புதுத் திசுவை வளர்க்கிறது. சிலருக்கு அந்த வளர்ச்சி அளவு மீறிப்போய், விரித்துவிட்ட இடமே மறுபடி சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் இது தலைகாட்டும். பலூன் மட்டுமே இருந்த காலத்தில் நூறு பேரில் 30 முதல் 40 பேருக்கு ஆறு மாதங்களில் இந்த மறு அடைப்பு வந்தது. விரித்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வெறும் உலோகமாக வந்தபோது அது 20 முதல் 30 பேராக இறங்கியது. மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபின் பத்து பேர் அளவுக்கும் கீழே போயிருக்கிறது. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், ரத்தக்குழாய் மெலிதாக இருப்பவர்களுக்கும், அடைப்பு நீளமாக இருந்தவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்தான். சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டிய தமிழ்நாட்டில் இது சின்னச் செய்தி அல்ல.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று ரத்தம் உறைந்துவிடுவது ஒன்று. இது அரிது, வந்தால் ஆளையே கொண்டுபோகும். இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளைப் பாதியில் நிறுத்துவது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற அந்த ஜோடியைப் பொதுவாக ஆறு மாதமும், மாரடைப்பு வந்தவர் என்றால் ஓராண்டும் விடாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். மற்றொன்று, ஸ்டென்ட் வைத்த இடம் நன்றாக இருக்க, வேறோர் இடத்தில் புது அடைப்பு உருவாவது. புகையிலை, கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது.

மறு அடைப்பு வந்ததாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடாதவருக்கும் அது வரலாம். உடல் தன் போக்கில் செய்வதற்கு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால், வரக்கூடும் என்று தெரிந்தும் வருகிறதா என்று பார்க்க ஆள் வைக்காததற்குப் பொறுப்பாளிகள் இருக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சையை உலகுக்குத் தந்தவர் அப்படி இருக்கவில்லை. ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் 38 வயது நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக இதயக் குழாயில் பலூன் விரித்தார். முதல் 50 நோயாளிகளைப் பற்றி 1979இல் எழுதியபோது, 32 பேரிடம்தான் பலித்தது என்பதை அவர் ஒளிக்கவில்லை. பலித்தவர்களிலும் சிலருக்கு அடைப்பு திரும்பியதைப் பதிவு செய்தார். தன் கையால் சிகிச்சை பெற்றவர் பிறகு என்ன ஆனார் என்பதும் தன் கணக்கில் சேர்த்தி என்று அவர் நினைத்தார். இன்று நம் ஊர்ச் சாலையோரப் பலகைகளில் எத்தனை ஆஞ்சியோ செய்தோம் என்ற எண்ணிக்கை பளபளக்கிறது. அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகு நலமாக நடமாடுகிறார்கள் என்று எழுதிய பலகையைக் காணோம்.

ஸ்டென்ட்டின் விலைக்காக இந்த நாடு போராடிய கதை நினைவிருக்கும். வழக்கறிஞர் பிரேந்தர் சங்வான் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2016இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. அதற்குமுன் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு நோயாளிகளிடம் லட்சத்துக்கும் மேல் வாங்கியிருந்தார்கள். இடையில் 654 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டிருந்ததை ஆணையமே வெளியிட்டபோது நாடு திகைத்தது. அந்த உச்சவரம்பு நல்ல காரியம். ஆனால் விலை குறைந்ததோடு கேள்வியும் முடிந்துவிட்டது. உலோகத்துக்கு நியாய விலை கேட்ட நாம், உலோகம் வைத்த மனிதருக்கு நியாயமான கவனிப்பைக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2009இல் தொடங்கி 2012இல் புது உருவம் பெற்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால், தறி நெய்கிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் கடன் வாங்காமல் இதய சிகிச்சை பெற முடிகிறது. மாரடைப்பு வந்தவரைச் சிறு மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு உரிய நேரத்தில் கொண்டுசேர்க்கும் வலைப்பின்னல் முயற்சி இங்கே நடந்து, ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வந்தது. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுத் திண்ணைக்கே வருகின்றன. 2023இல் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதலுதவி மாத்திரைகள் வைக்கப்பட்டன. இந்தப் பெருமைகளுக்கு நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. மருத்துவமனை வாசலைத் தாண்டிய நாளிலிருந்து ஓராண்டு வரை, ஸ்டென்ட் வைத்தவர் யாருடைய பொறுப்பு?

காப்பீட்டின் கணக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. தமிழ்நாட்டுத் திட்டம் 2018இல் இணைந்துகொண்ட ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, வீடு திரும்பிய பிறகான மருந்துக்கும் பரிசோதனைக்கும் 15 நாள் வரைதான் பொறுப்பு. அடைப்பு திரும்பும் காலமோ மாதக் கணக்கு. அந்தக் காலம் தொடங்குவதற்கு முன்பே அந்த விதியின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. மறுபடி அடைத்துக்கொண்டு வந்தால் மறுபடி ஸ்டென்ட் வைக்கப் பணம் கிடைக்கும். அடைக்கிறதா என்று கவனிக்கும் செவிலியருக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது. நோய் முற்றினால் காசு, முற்றாமல் பார்த்தால் ஒன்றுமில்லை என்பது எந்த ஊர் அறம்?

வீட்டுக்கு அனுப்பும் அந்த அரை மணி நேரத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அச்சிட்ட மூன்று நான்கு தாள்கள், ஒரு சிடி, மாத்திரை அட்டைகள். எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போகின்றன. பில் பிரிவில் கையெழுத்து, வாசலில் ஆட்டோ. இடையில் ஒரு செவிலியர் ஓடிவந்து, "அண்ணா, இது காலைல, இது ரெண்டும் ராத்திரி சாப்பிட்டதும். நிறுத்திடாதீங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார். அடுத்த படுக்கைக்காரர் கூப்பிடுகிறார், அவர் ஓடுகிறார். ஏன் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல அவருக்கு நேரம் இல்லை. கேட்க நோயாளிக்குத் தைரியம் இல்லை.

பிறகு என்ன நடக்கிறது? தனியார் மருத்துவமனையில் எழுதிய மாத்திரை தீர்ந்ததும் சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அங்கே வேறு பெயரில், வேறு நிறத்தில் அதே மருந்து கிடைக்கிறது. "இது நம்ம மாத்திரை இல்லையே" என்று வாங்கிவந்ததை அலமாரியில் போட்டுவிடுகிறார். பல் பிடுங்கப் போன இடத்தில் ரத்தம் நிற்காது என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர், பிறகு தொடரவே மறந்துபோகிறார். மூன்று மாதம் கழித்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கினால், "அதான் அடைப்பு எடுத்தாச்சே, இது கேஸ்தான்" என்று சோடா குடிக்கிறார். சர்க்கரை உள்ளவருக்கு வலியே தெரியாமல் மூச்சு வாங்கலாம், வியர்க்கலாம், இனம்புரியாத அசதி வரலாம். இப்படி நடக்கும் ஒவ்வொரு தவறையும் விவரம் தெரிந்த ஒரு செவிலியரின் ஐந்து நிமிடப் பேச்சு தடுத்திருக்கும். பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே என்று சொல்ல ஓர் ஆள். இதய மருத்துவரைக் கேட்காமல் எவர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள் என்று எச்சரிக்க ஓர் ஆள். முன்பு வந்த அதே வலி திரும்புகிறது என்றதும் ஈசிஜி எடுக்க அழைத்துப்போக ஓர் ஆள். அவ்வளவுதான் தேவை.

செவிலியர் பணி என்றால் ஊசி போடுவதும் படுக்கை விரிப்பதும் என்று நினைக்கும் சமூகம் இதை உணரவில்லை. ஆஞ்சியோ முடிந்து வார்டுக்கு வந்தவரின் முதல் சில மணி நேரம் முழுக்கச் செவிலியர் கையில்தான் இருக்கிறது. தொடை வழியாகக் குழாய் செலுத்தியிருந்தால், அதை எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். காலை மடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீக்கம் வைக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று கவனிக்க வேண்டும். பாதத்தில் நாடி தொட்டுப் பார்க்க வேண்டும். சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும் என்பதால் சிறுநீர் அளவைக் குறிக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறது என்று நோயாளி முனகினால், மருத்துவர் வரும்வரை காத்திராமல் ஈசிஜி எடுத்து வைக்க வேண்டும். அந்தக் குழாயைச் செலுத்திய மருத்துவரின் பெயரைக் குடும்பமே சொல்லிக்கொண்டிருக்கும். விடியவிடிய விழித்திருந்த செவிலியரின் பெயர் யாருக்கும் தெரியாது.

அவர்களை நாம் நடத்தியிருக்கும் விதம் வெட்கப்பட வேண்டியது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வில் வென்று, 2015இல் ஒப்பந்த முறையில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஆயிரக்கணக்கான செவிலியருக்குக் கொடுத்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பியவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனாக் காலத்தில் அவசரமாக எடுத்தவர்களின் பணியை 2022 டிசம்பரோடு முடித்தார்கள். அவர்களும் வீதிக்கு வந்தார்கள். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நம் அரசு மருத்துவமனை வார்டு ஒன்றில் இரவு நேரம் போய் நின்று எண்ணிப் பார்ப்பவருக்கு அந்த அளவுகோல் எங்கே தொங்குகிறது என்று புரியும். தனியார் துறையிலும் கதை வேறல்ல. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான சின்ன மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஸ்டென்ட்டின் விலையைக் கட்டுப்படுத்த அரசிதழில் அறிவிக்கை வெளியிட முடிந்த நாட்டில், செவிலியரின் சம்பளத்தை உயர்த்துவது மட்டும் ஏன் பரிந்துரையாகவே நின்றுவிடுகிறது?

செவிலியரை நம்பி இந்த வேலையை ஒப்படைக்கலாமா என்று தயங்குவோருக்கு உலகம் பதில் சொல்லியிருக்கிறது. 2008இல் வெளியான யூரோஆக்‌ஷன் ஆய்வு, ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் செவிலியரை மையமாக வைத்து, குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு இதய நோயாளிகளைக் கவனித்தது. சாப்பாடு, உடற்பயிற்சி, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவற்றில் வழக்கமான கவனிப்பைவிட நல்ல மாற்றம் தெரிந்தது. மறுபக்கம், கேரளத்தில் பிறந்த இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் நடந்து 2011இல் வெளியான ப்யூர் ஆய்வு இருக்கிறது. அதன்படி, இந்தியாவையும் உள்ளடக்கிய ஏழை நாடுகளின் வரிசையில், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர், அது மறுபடி வராமல் காக்கும் மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. அந்த மருந்துகள் பலவும் மலிவு. இங்கோ அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே ஆள் இல்லை என்பதுதான் பஞ்சம்.

இந்தப் பஞ்சம் சின்னாளப்பட்டிக்கு வந்திருக்கவே கூடாது. 1947இல் டாக்டர் டி.எஸ். சௌந்தரம் இந்த ஊரில் இரண்டு படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவமனைதான் காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. டெல்லியில் மருத்துவம் படித்த அந்த அம்மையார் நகரத்தில் வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பழக்கும் வேலையைக் கையில் எடுத்தார். 1959இல் தொடங்கிய காந்திகிராம முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தில், ஆத்தூர் ஒன்றியக் கிராமங்களில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். தாய்மார்களைப் பெயர் சொல்லி அறிந்தார்கள், குறித்துவைத்தார்கள், மறுபடி போனார்கள். பத்தாண்டுக்குள் பிறப்பு விகிதம் கண்கூடாக இறங்கியது. ஆத்தூர் அனுபவம் என்ற பெயரில் அது நாட்டின் குடும்பநலத் திட்டத்துக்கே பாடமானது. பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் கதவைத் தட்டுவதை நாம் இன்று இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இதயத்துக்கும் அப்படி ஒருவர் கதவைத் தட்ட வேண்டும் என்றால் ஆகாத காரியம் போலப் பேசுகிறோம். செய்து காட்டிய மண்ணில் நின்றுகொண்டு முடியாது என்று சொல்வது நியாயமா?

நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கடமை இல்லையா? உண்டு. ஸ்டென்ட் வைத்த மறுவாரமே வெற்றிலையோடு புகையிலையை மெல்லுவதும், பீடியைத் திரும்பப் பற்றவைப்பதும் தன்னைத் தானே கெடுத்துக்கொள்வது. புகையிலைக்குப் பேர்போன திண்டுக்கல் வட்டாரம் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். குழித்தறியில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தே இருப்பவர் தினமும் அரை மணி நேரம் நடந்தாக வேண்டும். ஆனாலும் யாரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று ஓர் அளவு இருக்கிறது. வீட்டில் அவரைக் கவனிப்பவர் யார்? மனைவி, மகள், மருமகள். தார் சுற்றுவதும் அவர்கள், சமைப்பதும் அவர்கள், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவர்கள். எது அபாய அறிகுறி என்று அந்தப் பெண்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் உண்டா? ஒரு வார்த்தை கற்றுத் தராமல் ஒரு செவிலியரின் பொறுப்பு முழுவதையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, நோயாளி திரும்ப வந்து விழுந்தால், "வீட்ல சரியாப் பாத்துக்கல" என்று அவர்களையே குற்றம் சொல்வது கொடுமை.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். மறு அடைப்பைக் கவனிக்காமல் விட்டதற்குப் பொறுப்பாளிகளை வரிசைப்படுத்தினால், மாத்திரையை மறந்த நோயாளி கடைசியில்தான் நிற்பார். ஸ்டென்ட்டை எண்ணிக் காசு வாங்கிக்கொண்டு, வைத்தவரை மறந்துவிடும் மருத்துவமனைகள் அவருக்கு முன்னே நிற்கின்றன. எல்லோருக்கும் முன்னே நிற்பது, சிகிச்சைக்குக் கொட்டிக்கொடுத்துவிட்டுக் கவனிப்புக்குக் கைவிரிக்கும் அரசின் கொள்கை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஆஞ்சியோபிளாஸ்டிக்கான காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஓராண்டுப் பின்தொடர் கவனிப்பு நடந்த பிறகே மருத்துவமனைக்கு விடுவிக்க வேண்டும். எந்த மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் மறுபடி சேர்க்கப்பட்டார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் மருந்தின் பெயர், நிறுத்தக் கூடாத காலம், அபாய அறிகுறிகள் மூன்றும் தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நோயாளி வீடு போய்ச் சேரும் முன் அவர் பெயர் அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச்சேர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தின் வீட்டுப் பட்டியலில் ஸ்டென்ட் வைத்தவர் என்ற குறிப்போடு ஏற வேண்டும். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் இதய நோயாளிகளுக்கென்று பயிற்சி பெற்ற செவிலியர் நடத்தும் தனிப் பிரிவு வாரம் ஒருநாளாவது இயங்க வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் காந்திகிராமத்தின் சுகாதாரப் பயிற்சி நிறுவனமும் கை கோத்தால் ஆத்தூர் வட்டாரத்திலேயே இதைத் தொடங்கிக் காட்டலாம். அந்தச் செவிலியர்கள் நிரந்தரப் பணியிடத்தில், முழுச் சம்பளத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை, ஸ்டென்ட் வைத்தவர் இருக்கும் வீட்டார் மூன்றை மனத்தில் வைக்க வேண்டும். இதய மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. முன்பு வந்த வலியோ மூச்சிரைப்போ திரும்பினால் அன்றே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி பார்க்க வேண்டும். வலி விடாமல் இறுக்கினால் சோடாவைத் தேடாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவருக்கும், சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஒரு செவிலியரின் பெயராவது ஓராண்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது நடக்காத இடத்தில் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு எழுத எவருக்கும் உரிமை இல்லை.